பீர் பொங்கி வழிகிறதா? வேகமான நொதித்தலைச் சமாளிக்க முழுமையான வழிகாட்டி

ஈஸ்ட் போட்ட மறுநாள் காலையில் வந்து பார்த்தால், ஏர்லாக்கில் (வாயுவை வெளியே விட்டு, வெளிக்காற்றை உள்ளே விடாத தண்ணீர் அடைப்பான்) தண்ணீர் இருந்த இடத்தில் பழுப்பு நுரை. மூடியெல்லாம் ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பு தரும் பூ) துணுக்கு ஒட்டிய பிசுபிசுப்பு. வாளியின் ஓரமாக வழிந்து தரையில் ஒரு சின்னக் குட்டை. வீட்டில் தொடர்ந்து பீர் காய்ச்சுகிறவர்கள் ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் இதைப் பார்த்தே தீருவார்கள். பயப்பட ஒன்றுமில்லை. ஈஸ்ட் நல்ல பசியோடு இருக்கிறது, அவ்வளவுதான்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. நுரை கண்ணுக்குத் தெரிவதால் எல்லோரும் நுரையோடுதான் மல்லுக்கட்டுவார்கள். உண்மையில் கவனிக்க வேண்டியவை மூன்று. முதலாவது அழுத்தம்: வாயு வெளியேறும் வழி அடைத்துக்கொண்டால் ஆளுக்கே ஆபத்து. இரண்டாவது சூடு: சத்தமில்லாமல் ஏறி பீரின் சுவையைக் கெடுப்பது இதுதான். நுரை மூன்றாவதுதான், அது கெடுப்பது தரையை மட்டும். வேலையையும் இதே வரிசையில் செய்வது நல்லது.

இந்த நிமிடமே வழிந்துகொண்டிருந்தால்

முதலில் மூடியைப் பாருங்கள். நடுவில் மேடாக உப்பியிருக்கிறதா? கொஞ்ச நேரம் முன்புவரை விடாமல் குமிழ் விட்டுக்கொண்டிருந்த ஏர்லாக் திடீரென்று அமைதியாகிவிட்டதா? அதன் தண்டில் ஹாப்ஸ் சக்கை அடைத்திருக்கிறதா? இதில் ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் உள்ளே அழுத்தம் ஏறிக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொண்டே செயல்படுங்கள்.

1. கண்ணைக் காக்க மூக்குக்கண்ணாடி ஏதாவது போட்டுக்கொள்ளுங்கள். முகத்தையும் தலையையும் மூடிக்கு நேர் மேலே கொண்டுபோகாதீர்கள்.

2. ஒரு பழைய டவலை நனைத்து மூடியின் மேல் முழுவதுமாகப் போடுங்கள். பீய்ச்சி அடித்தால் கூரைவரை போகக்கூடியதை அது பிடித்துக்கொள்ளும்.

3. பிளாஸ்டிக் வாளியாக இருந்தால், உங்களுக்கு எதிர்ப்பக்கத்து விளிம்பை மட்டும் ஒரு விரல் அளவு நெம்பித் தூக்குங்கள். 'புஸ்' என்று காற்று போகும். சத்தம் அடங்கும்வரை அப்படியே பிடித்திருங்கள். கழுத்து குறுகிய கண்ணாடி கார்பாயாக இருந்தால், டவலோடு சேர்த்து ஏர்லாக்கைப் பிடித்து, மேலே இழுக்காமல் மெதுவாகத் திருகித் திருகித் தளர்த்துங்கள். அழுத்தம் ஏறிய கண்ணாடியை நகர்த்தவோ தட்டவோ கூடாது. உடைந்தால் வெறும் பீர் இழப்போடு போகாது.

4. ஏர்லாக்கை எடுத்ததும் சில நிமிடங்களுக்கு ஓட்டை வழியாக நுரை தள்ளும். தள்ளட்டும். அதை மூடி நிறுத்தப் பார்க்காதீர்கள்.

5. கையில் குழாய் இருந்தால் கீழே சொல்லும் புளோ-ஆஃப் ஏற்பாட்டுக்கு மாறுங்கள். இல்லையென்றால் சானிடைசர் (பாத்திரங்களுக்கான கிருமிநீக்கி) தெளித்த அலுமினியத் தாளை ஓட்டையின் மேல் தளர்வாக, தொப்பி மாதிரி கவிழ்த்து விடுங்கள்.

6. கடைசியாக, தவறாமல், வெப்பநிலையைப் பாருங்கள்.

ஃபெர்மென்டரை (பீர் நொதிக்கும் பாத்திரத்தை) தூக்கிக்கொண்டு குளியலறைக்கு ஓடும் ஆசை வரும். வேண்டாம். பீரில் ஏற்கெனவே கார்பன் டை ஆக்சைடு நிறையக் கரைந்திருக்கிறது. குலுக்கினால் அவ்வளவும் ஒரே நேரத்தில் வெளியே வரப் பார்க்கும். வழிவது இரண்டு மடங்காகும்.

ஓட்டையைத் திறந்து வைத்தால் கெட்டுப்போகாதா என்று கேட்பீர்கள். நொதித்தல் உச்சத்தில் இருக்கும்போது வாயு உள்ளிருந்து வெளியே வீசிக்கொண்டே இருப்பதால் வெளிக்காற்று உள்ளே போக வழியில்லை. ஈஸ்ட் ஏற்கெனவே இடத்தைப் பிடித்துவிட்டது. பீரின் புளிப்பும் ஏறியிருக்கும், ஆல்கஹாலும் உருவாகத் தொடங்கியிருக்கும். பல பீர் ஆலைகள் வாய் திறந்த தொட்டிகளிலேயே நொதிக்க வைக்கின்றன. எனவே சில மணி நேரம் தளர்வாக மூடி வைப்பதில் தவறில்லை. பழ ஈக்கள் மட்டும் உள்ளே போகக் கூடாது. பீரை வினிகராக மாற்றும் பாக்டீரியாவைச் சுமந்து வருபவை அவைதான்.

உள்ளே என்ன நடக்கிறது

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்த்தால் இந்த ஆர்ப்பாட்டம் ஏன் என்று புரிந்துவிடும். 20 லிட்டர் பீர், தொடக்க அடர்த்தி 1.050, முடிவு 1.012 (தண்ணீர் என்றால் 1.000) என்று வைத்துக்கொள்வோம். இதற்கிடையில் ஈஸ்ட் சாப்பிட்டு முடிக்கும் சர்க்கரை ஏறக்குறைய 1.6 கிலோ. அதன் எடையில் பாதி ஆல்கஹாலாகிறது, மறுபாதி கார்பன் டை ஆக்சைடாகிறது. அந்த மறுபாதியை அறை வெப்பநிலையில் வாயுவாக அளந்தால் கிட்டத்தட்ட 400 லிட்டர். அதாவது பீரைப் போல 20 மடங்கு கொள்ளளவு. இதில் பெரும்பகுதி முதல் 3 நாட்களில், ஒரு பென்சில் தடிமன்கூட இல்லாத ஏர்லாக் தண்டு வழியாக வெளியே போயாக வேண்டும்.

வெறும் வாயு மட்டும் என்றால் பிரச்சினை இல்லை. மால்ட்டிலிருந்து (முளைகட்டி உலர்த்திய தானியம்) வந்த புரதமும் ஹாப்ஸ் பிசினும் சேர்ந்து ஒவ்வொரு குமிழுக்கும் உறுதியான சுவரைக் கட்டிக்கொடுக்கின்றன. ஈஸ்ட் செல்களும் அதில் ஏறி உட்கார்ந்துகொள்கின்றன. இப்படி உருவாகும் கெட்டியான நுரை மெத்தைக்குத்தான் கிராய்சன் என்று பெயர். கோதுமை, ஓட்ஸ் மாதிரி புரதம் அதிகமுள்ள தானியங்களைச் சேர்த்தால் மெத்தை இன்னும் தடிக்கும்.

அப்புறம் சூடு. ஒரு கிலோ சர்க்கரை நொதிக்கும்போது சுமார் 580 கிலோஜூல் வெப்பம் வெளிப்படுகிறது. மேலே சொன்ன 20 லிட்டரில் அந்த வெப்பம் துளியும் வெளியேறாமல் தங்கினால் பீரின் வெப்பநிலை 11 டிகிரி அளவுக்கு ஏறும். நடைமுறையில் பாத்திரத்தின் சுவர் வழியாகக் கசிந்துகொண்டே இருப்பதால் அவ்வளவு ஏறாது. ஆனாலும் உச்சக்கட்டத்தில் அறையைவிட 3 முதல் 5 டிகிரி அதிகமாக இருப்பது சகஜம். அறை 24 டிகிரி என்று நிம்மதியாக இருப்பீர்கள். பீர் 28-ஐத் தாண்டியிருக்கும்.

சூட்டை அடக்குவது

இந்தப் பகுதியில் கொஞ்சம் நிதானமாக இருக்கலாம், ஏனென்றால் பீரின் தலையெழுத்து இங்கேதான் தீர்மானமாகிறது.

ஈஸ்ட் பெருகும் முதல் 2, 3 நாட்களில்தான் பீரின் மணத்தை முடிவு செய்யும் எஸ்டர்களும், தொண்டையில் எரியும் கனமான ஃபியூசல் ஆல்கஹால்களும் பெரும்பாலும் உருவாகின்றன. சூடு ஏறினால் இரண்டுமே கூடும். எஸ்டர் அளவோடு இருந்தால் பழ வாசனை. எல்லை மீறினால் நெயில் பாலிஷ் நெடி. ஃபியூசல் கூடிவிட்டால் அது அந்த பீரை விட்டு எளிதில் போகாது. ஐந்தாம் நாள் குளிரவைப்பதாலோ மாதக்கணக்கில் பாட்டிலில் ஊறவைப்பதாலோ பெரிதாக எதுவும் மாறுவதில்லை. ஆகவே முதல் 72 மணி நேரத்தில் காட்டும் அக்கறைதான் கணக்கில் சேரும்.

இதில் ஒரு சுழற்சியும் இருக்கிறது. சூடு ஏறினால் ஈஸ்ட் வேகமாக வேலை செய்யும். வேகமாக வேலை செய்தால் இன்னும் சூடு ஏறும். இந்தச் சுழற்சி வேகமெடுத்த பிறகு பிடித்து நிறுத்துவது கடினம். தொடங்கும்போதே பிடிப்பது சுலபம். ஈஸ்ட் போடும் நேரத்தில் வோர்ட்டின் (இன்னும் நொதிக்காத மால்ட் சாறு) சூடு உங்கள் இலக்கைவிட 1 அல்லது 2 டிகிரி குறைவாக இருக்கட்டும் என்று சொல்வது இதனால்தான். 19 டிகிரியில் நொதிக்க வேண்டிய ஏல் வகை பீர் என்றால் 17-ல் போடுங்கள். தானாக ஏறி 19-க்கு வந்துவிடும். 'இப்போதைக்கு 26 இருக்கிறது, பரவாயில்லை, ராத்திரி குளிர்ந்துவிடும்' என்று போட்டால் குளிராது. அதற்குள் ஈஸ்ட் தன் அடுப்பைப் பற்றவைத்திருக்கும்.

இலக்கு எவ்வளவு என்பது ஈஸ்டைப் பொறுத்தது. பொதுவாக ஏல் ஈஸ்டுகளுக்கு 18 முதல் 21 டிகிரி, குளிரில் நொதிக்கும் லாகர் வகை பீரின் ஈஸ்டுகளுக்கு 9 முதல் 13. நார்வே நாட்டுப் பண்ணைகளிலிருந்து வந்த குவைக் வகை 30 முதல் 40 டிகிரியில்தான் குஷியாக இருக்கும், அதன் சுவையும் கெடாது. பெல்ஜியத்துச் சேசோன் வகை பீரின் ஈஸ்டுகள் சிலவும் சூட்டை விரும்பும். பாக்கெட்டில் அச்சிட்டிருக்கும் எல்லையின் கீழ்ப்பாதியில் தொடங்குவது என்று ஒரு பழக்கம் வைத்துக்கொண்டால் பெரும்பாலும் ஏமாற மாட்டீர்கள்.

தெர்மாமீட்டரை எங்கே வைக்கிறீர்கள் என்பது முக்கியம். அறையில் தொங்கும் தெர்மாமீட்டர் இந்த வேலைக்கு உதவாது. சென்சார் முனையை ஃபெர்மென்டரின் பக்கவாட்டில், உள்ளே இருக்கும் திரவத்தின் மட்டத்துக்குக் கீழே வைத்து டேப் போட்டு ஒட்டுங்கள். அதன் மேல் மடித்த துணியையோ ஸ்பாஞ்சையோ வைத்து இன்னொரு டேப். அப்போதுதான் அது அறைக் காற்றைப் படிக்காமல் பீரைப் படிக்கும்.

கட்டுப்படுத்தும் கருவியோடு ஃபிரிட்ஜ் இருப்பவர்களுக்கு வேலை சுலபம். அதன் சென்சாரையும் இதே மாதிரி ஃபெர்மென்டரோடு ஒட்டிவிட வேண்டும், அவ்வளவுதான். ஃபிரிட்ஜின் உள்ளே காற்றில் தொங்கவிட்டால் காற்று 18-ல் இருக்கும், பீர் 22-ல் கொதிக்கும். இன்னொன்று: மேலே திறக்கும் பெட்டி ஃப்ரீசரில் நொதிக்க வைப்பவர்கள் அதைத் திறந்ததும் தலையை உள்ளே விடாதீர்கள். கார்பன் டை ஆக்சைடு காற்றைவிடக் கனம். பெட்டிக்குள் தேங்கி நிற்கும். மூடியைத் திறந்து சற்று நேரம் விட்டுவிட்டு, பிறகு குனியலாம். பாத்திரம் இருக்கும் அறையிலும் ஒரு ஜன்னலாவது திறந்திருக்கட்டும்.

ஃபிரிட்ஜ் இல்லையா? ஒரு பெரிய டப் போதும். ஃபெர்மென்டரை டப்புக்குள் இறக்கி, பீர் மட்டத்தில் பாதிக்கு மேல் வரும்படி தண்ணீர் ஊற்றுங்கள். தண்ணீர் நிரப்பி உறையவைத்த ஒரு லிட்டர் பாட்டில்கள் 2 எடுத்து டப்பில் மிதக்கவிடுங்கள். 8 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றினால் போதும். மாற்றுக்கு இன்னும் 4 பாட்டில்கள் ஃப்ரீசரில் இருக்கட்டும். ஃபெர்மென்டருக்கு ஒரு பழைய டி-ஷர்ட்டை மாட்டி அதன் அடிப்பகுதி தண்ணீரில் ஊறும்படி விட்டு, ஒரு மின்விசிறியையும் திருப்பிவிட்டால் இன்னும் சில டிகிரி இறங்கும். காற்று உலர்ந்திருந்தால் இது பிரமாதமாக வேலை செய்யும். ஈரப்பதம் அதிகமாக இருந்தால் துணி நனைந்ததுதான் மிச்சம். அப்போது பாட்டில்களைத்தான் நம்ப வேண்டும்.

ஏற்கெனவே சூடு ஏறிவிட்ட பீரை இறக்கும்போது அவசரம் கூடாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு டிகிரி என்ற கணக்கில், மொத்தம் 3 அல்லது 4 டிகிரி இறக்கினால் போதும். பனிக்கட்டியைக் கொட்டித் திடீரென்று குளிரவைத்தால் ஈஸ்ட் வேலையை விட்டுவிட்டு அடியில் போய்ப் படுத்துவிடும். சீக்கிரம் படியக்கூடிய இங்கிலீஷ் ஏல் வகைகள் இதில் ரொம்பவே ரோஷக்காரர்கள்.

பலர் மாட்டிக்கொள்ளும் இடம் இன்னொன்று உண்டு. மூன்றாம், நான்காம் நாள் நுரை இறங்கத் தொடங்கும். அதோடு ஈஸ்ட் தரும் வெப்பமும் குறைந்துவிடும். ஆனால் டப்பும் பனிப் பாட்டில்களும் அப்படியே இருக்கும். நேற்றுவரை 20-ல் நின்ற பீர் இன்று 15-க்கு இறங்கி, நொதித்தல் பாதியில் நின்றுபோகும். நுரை இறங்குவது தெரிந்ததும் பாட்டில்களை எடுத்துவிடுங்கள். முடிந்தால் இலக்கைவிட 1 அல்லது 2 டிகிரி மேலே ஏறவும் விடுங்கள். ஃபியூசல் உருவாகும் கட்டம் தாண்டிவிட்டது. இந்த நேரத்துச் சின்ன வெதுவெதுப்பு, வெண்ணெய் வாசனை தரும் டைஅசிட்டைலை ஈஸ்ட் துப்புரவாக்க உதவும்.

நுரைக்கு இடமும் வழியும்

அடுத்த முறை காய்ச்சுவதற்கு முன்பே செய்து வைக்கக்கூடியவை இவை.

முதலில் காலியிடம். சாதாரண ஏல் என்றால் பாத்திரத்தில் 20 முதல் 25 சதவீதம் மேலே காலியாக இருக்கட்டும். ஜெர்மன் கோதுமை பீர் ஈஸ்ட், அடர்த்தி அதிகமான ஸ்டவுட் (கறுப்பு பீர்), ஓட்ஸ் நிறையச் சேர்த்தவை என்றால் மூன்றில் ஒரு பங்கு விடுங்கள். 30 லிட்டர் வாளியில் 20 லிட்டர் ஊற்றுவதும், 23 லிட்டர் கார்பாயில் 21 லிட்டர் ஊற்றுவதும் வேறு வேறு கதை. பாத்திரம் சின்னதாக இருந்தால் இரண்டாகப் பிரித்து ஊற்றிவிடுவது உத்தமம். இரண்டு பாத்திரங்களைக் கழுவும் வேலை, ஒரு கூரையைக் கழுவும் வேலையைவிட லேசானது.

அடுத்தது புளோ-ஆஃப் குழாய். ஏர்லாக்குக்குப் பதிலாக ஒரு தடித்த குழாய். அதன் மறுமுனை சானிடைசர் ஊற்றிய ஜாடிக்குள். வாயுவும் நுரையும் ஒரே வழியாகப் போய் ஜாடியில் சேரும். மூன்று பாக ஏர்லாக் வைத்திருப்பவர்கள் உள்ளே இருக்கும் குட்டி மூடியையும் மேல் மூடியையும் கழற்றிவிட்டு, நடுத் தண்டின் மேலேயே பொருத்தமான குழாயைச் செருகிவிடலாம். ஆனால் அந்த ஏர்லாக்கின் அடிமுனையைத் திருப்பிப் பாருங்கள். பலவற்றில் சின்னதாக ஒரு கூட்டல் குறி மாதிரி பிளாஸ்டிக் தடுப்பு இருக்கும். ஹாப்ஸ் சக்கை சிக்குவது சரியாக அந்த இடத்தில்தான். கூரான கத்தியால் அதை நறுக்கி எடுத்துவிடுங்கள். கண்ணாடி கார்பாயில் இன்னும் நல்ல வழி உண்டு: தண்டு எதுவும் இல்லாமல், கழுத்தில் இறுக்கமாக உட்காரும் 25 மில்லிமீட்டர் அல்லது அதற்கும் மேலான குழாயை நேரடியாகச் செருகுவது. அவ்வளவு அகலமான வழி அடைத்துக்கொள்வது அரிது.

குழாய் போடும்போது கவனிக்க வேண்டியவை சில. நடுவில் தொய்ந்து வளையம் போடாமல் இருக்கட்டும். தொய்வில்தான் சக்கை சேரும். முனை ஜாடித் திரவத்துக்குள் 2, 3 சென்டிமீட்டர் மூழ்கினால் போதும். ஜாடி 2 லிட்டராவது பிடிக்க வேண்டும், அதில் கால் பங்கு மட்டும் திரவம் இருக்கட்டும். சின்ன பாட்டிலை வைத்துவிட்டு அதுவும் நிரம்பி வழிந்து பார்த்தவர்கள் நிறையப் பேர். ஜாடியை ஃபெர்மென்டரைவிடத் தாழ்வாக, முடிந்தால் தரையில் வையுங்கள். பீர் குளிரும்போது உள்ளிருக்கும் வாயு சுருங்கி ஜாடித் தண்ணீரை மேலே உறிஞ்சப் பார்க்கும். உயரம் அதிகமாக இருந்தால் தண்ணீர் பாதிவழிக்கு மேல் ஏறாது.

இங்கிலாந்தில் பர்ட்டன் நகரத்துப் பீர் ஆலைகள் இதையே 19-ஆம் நூற்றாண்டில் பிரம்மாண்டமாகச் செய்தன. வரிசையாகப் படுக்கவைத்த மரப் பீப்பாய்கள், ஒவ்வொன்றின் மேலும் அன்னக் கழுத்து மாதிரி வளைந்த ஒரு குழாய், மேலே நீளமான தொட்டி. பொங்கும் நுரை குழாய் வழியாகத் தொட்டிக்கு ஏறும். ஈஸ்ட் அங்கே தங்கும், பீர் மட்டும் மறுபடி பீப்பாய்க்கு இறங்கும். பர்ட்டன் யூனியன் என்ற அந்த முறையை மார்ஸ்டன்ஸ் ஆலை 2024 வரை விடாமல் வைத்திருந்தது.

நுரையையே குறைக்க வேண்டுமென்றால் சிலிக்கோன் சார்ந்த நுரையடக்கித் துளிகள் கிடைக்கின்றன. ஈஸ்ட் போடும் நேரத்தில் லேபிளில் சொன்ன அளவு சேர்த்தால் குமிழ்ச் சுவர்கள் சீக்கிரமே உடைந்துவிடும். மருந்து ஈஸ்டோடு சேர்ந்து அடியில் படிந்துவிடுவதால், முடிந்த பீரைக் கிளாஸில் ஊற்றும்போது நுரை குறைவதில்லை. இடம் குறைவாக இருப்பவர்களுக்கு இது நல்ல உதவிதான். ஆனால் இதை நம்பிக் குழாயைத் தவிர்க்காதீர்கள். துளிகள் நுரையைத்தான் குறைக்கும். வாயுவும் சூடும் அப்படியே இருக்கும்.

ஈஸ்ட் எவ்வளவு போடுவது

ஏல் பீருக்குப் பரவலாகப் பின்பற்றப்படும் கணக்கு: ஒரு மில்லிலிட்டருக்கு, ஒவ்வொரு பிளேட்டோ டிகிரிக்கும் (வோர்ட்டில் கரைந்த சர்க்கரையின் சதவீத அளவு; 1.050 என்றால் சுமார் 12.4) 7.5 லட்சம் செல்கள். லாகருக்கு அதில் இரட்டிப்பு. மேலே சொன்ன 20 லிட்டர், 1.050 வோர்ட்டுக்கு இது சுமார் 18,600 கோடி செல்கள். 11 கிராம் உலர் ஈஸ்ட் பாக்கெட் ஒன்று போதும். அடர்த்தி 1.075-ஐத் தாண்டினால் 2 பாக்கெட்.

எரிமலை மாதிரி வெடிக்கும் நொதித்தல்களில் நிறைய, முந்தைய பீரின் அடி ஈஸ்ட் மீது புது வோர்ட்டை அப்படியே ஊற்றியதால் வருபவை. அந்தப் படிவில் தேவையைப் போலப் பல மடங்கு ஈஸ்ட் இருக்கும். சானிடைஸ் செய்த கோப்பையால் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குவரை எடுத்து, சுத்தமான பாத்திரத்தில் போட்டு, அதன் மேல் ஊற்றுங்கள்.

வேகத்தைக் குறைக்கலாம் என்று ஈஸ்டைக் குறைத்துப் போடுவதோ, வோர்ட்டுக்குக் காற்றூட்டாமல் விடுவதோ எனக்குச் சரியாகப் படவில்லை. செல்கள் குறைவாக இருந்தால் அவை அதிகமாகப் பெருக வேண்டியிருக்கும்; அந்த நெருக்கடியில் வேண்டாத வாசனைகள்தான் கூடும். ஆக்சிஜன் போதாவிட்டால் கடைசி ஓட்டத்தில் ஈஸ்ட் களைத்துப்போய் நின்றுவிடும். ஈஸ்டுக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டு, வெப்பநிலையைக் கொண்டு கடிவாளம் போடுவதுதான் முறை.

கூடுதல் கவனம் கேட்கும் பீர்கள்

குவைக் 4, 5 மணி நேரத்திலேயே கிளம்பிவிடும். 'காலையில் குழாய் மாட்டிக்கொள்ளலாம்' என்ற பேச்சுக்கே இடமில்லை. ஈஸ்ட் போடும்போதே மாட்டிவிடுங்கள்.

பழம் சேர்த்த பீரில் கூழும் தோலும் மேலே மிதந்து கெட்டியான மூடியாகிவிடும். மெல்லிய குழாய் எதுவும் இதற்குத் தாங்காது. அகல வாயுள்ள வாளியும் நிறையக் காலியிடமும்தான் தீர்வு. முதல் நொதித்தல் அடங்கிய பிறகு பழத்தைச் சேர்த்தால் பாதிப் பிரச்சினை குறையும், பழ வாசனையும் தங்கும்.

அடர்த்தி மிக அதிகமான பீர்களுக்குச் சர்க்கரையை மொத்தமாக ஆரம்பத்திலேயே போடாமல், நுரை இறங்கத் தொடங்கியதும் தவணையாகச் சேர்ப்பது வேகத்தையும் சூட்டையும் பிரித்துப் போடும் நல்ல உத்தி. ஆனால் சர்க்கரையைத் தூளாகக் கொட்டவே கூடாது. ஒவ்வொரு துகளும் கரைந்திருக்கும் வாயு ஒட்டிக்கொண்டு குமிழாகும் இடமாக மாறும். சில நொடிகளில் பீர் ஊற்றுபோல மேலே வரும். கொஞ்சம் தண்ணீரில் கரைத்துக் கொதிக்கவைத்து, ஆறவைத்து, ஓரமாக மெதுவாக ஊற்றுங்கள். உலர் ஹாப்ஸ் போடும்போதும் இதே விபத்து நடக்கும். முதலில் ஒரு சிட்டிகை போட்டு, சீறல் அடங்குகிறதா என்று பார்த்துவிட்டு மீதியைப் போடலாம்.

அழுத்தம் தாங்கும் கெக் (உலோகப் பீப்பாய்) வைத்திருப்பவர்கள் ஸ்பண்டிங் வால்வு (குறித்த அழுத்தத்தைத் தாண்டும் வாயுவை மட்டும் வெளியே விடுவது) மாட்டி 0.7 முதல் 1 பார் அழுத்தத்தில் நொதிக்க வைப்பதுண்டு. நுரை மெத்தை குட்டையாகும், எஸ்டரும் குறையும். லாகரைச் சற்று வெதுவெதுப்பில் வைக்க நினைப்பவர்களுக்கு வசதி. ஆனால் நுரை ஏறி வால்வுக்குள் போனால் அதுவும் அடைத்துக்கொள்ளும். இங்கேயும் காலியிடம் வேண்டும், பாதுகாப்பு வால்வு வேலை செய்கிறதா என்று முன்பே இழுத்துப் பார்த்திருக்க வேண்டும். அழுத்தத்துக்கென்று செய்யப்படாத வாளியிலோ கண்ணாடியிலோ இதை முயன்று பார்க்கும் எண்ணமே வேண்டாம்.

நுரை இறங்கிய பிறகு

நான்காம் நாளிலிருந்து ஒரு வாரத்துக்குள் நுரை சரிந்து, பாத்திரத்தின் உட்சுவரில் பழுப்பு வளையம் மட்டும் நிற்கும். இப்போது குழாயை எடுத்துவிட்டுச் சுத்தமான ஏர்லாக்கை மாட்டுங்கள். வெளியே வீசும் வாயு குறைந்துவிட்டதால் இனி காற்று உள்ளே போக வாய்ப்புண்டு. அலுமினியத் தாள் தொப்பியோடு விட்டிருந்தால் அதையும் இன்றே மாற்றிவிடுங்கள். மூடியிலும் வெளிச்சுவரிலும் காய்ந்திருக்கும் நுரையைச் சானிடைசர் தெளித்துத் துடைத்தால் பூஞ்சையும் ஈயும் அண்டாது.

வழிந்ததில் ஈஸ்ட் போய்விட்டதே என்று கவலைப்பட வேண்டாம். வேலையை முடிக்கத் தேவையானது பீருக்குள் தாராளமாக மிதந்துகொண்டிருக்கிறது. நுரையோடு ஹாப்ஸ் பிசினும் கொஞ்சம் வெளியேறியிருக்கும் என்பதால் கசப்பு ஒரு நூல் குறையலாம். ஒரு லிட்டர் இழந்திருந்தாலும் தண்ணீர் ஊற்றி ஈடுகட்டாதீர்கள். சுவையும் நீர்த்துப்போகும், தண்ணீரோடு ஆக்சிஜனும் உள்ளே போகும்.

இரண்டே நாளில் ஆர்ப்பாட்டம் அடங்கிவிட்டது என்றால் பீர் தயார் என்று நினைத்துவிடக் கூடாது. ஏர்லாக் குமிழை எண்ணி முடிவெடுப்பதும் வீண். மூடி ஓரமாக வாயு கசிந்தாலே குமிழ் நின்றுவிடும். ஹைட்ரோமீட்டரை (அடர்த்தி அளக்கும் மிதவையை) எடுங்கள். மாதிரியை இரண்டு கிளாஸ்களுக்கு இடையே சில முறை மாற்றி ஊற்றி வாயுவைப் போக்கிவிட்டு அளவெடுங்கள், இல்லாவிட்டால் குமிழ்கள் ஒட்டிக்கொண்டு மிதவையைத் தூக்கி, அடர்த்தியைக் கூட்டிக் காட்டும். 2 நாள் இடைவெளியில் எடுத்த இரண்டு அளவுகள் ஒன்றாக இருந்து, எதிர்பார்த்த முடிவு அடர்த்திக்கும் பக்கத்தில் இருந்தால்தான் பாட்டிலில் அடைக்கலாம். பாதியில் அடைத்தால், ஃபெர்மென்டரில் நடந்ததெல்லாம் மூடிய கண்ணாடி பாட்டிலுக்குள் நடக்கும். அதற்குப் புளோ-ஆஃப் குழாய் கிடையாது.

பீரைக் கிட்டத்தட்ட உறைநிலைக்குக் குளிரவைத்துத் தெளியவிடும் பழக்கம் உள்ளவர்கள், அதற்கு முன் ஏர்லாக்கில் இருக்கும் திரவத்தை எடுத்துவிட்டு ஓட்டையை இறுக்கமாக அடைத்துவிடுங்கள் அல்லது வாயு நிரப்பிய பலூனை மாட்டுங்கள். வாயு சுருங்குவதோடு பீரிலும் கூடுதலாகக் கரையும் என்பதால் உறிஞ்சல் அப்போது பலமாக இருக்கும். பிளாஸ்டிக் வாளியின் சுவர் கொஞ்சம் உள்வாங்கினால் ஒன்றும் ஆகாது. கண்ணாடி கார்பாயை மட்டும் இப்படி இறுக்கி அடைக்காமல் பலூனோடு விடுங்கள்.

பழுப்பு வளையத்தைச் சுரண்டி எடுக்க வேண்டாம். பிளாஸ்டிக்கில் கீறல் விழுந்தால் கிருமிகள் அங்கேதான் குடியேறும். ஆக்சிஜன் வகைச் சலவைத் தூளை வெந்நீரில் கரைத்து, வளையம் மூழ்கும்வரை ஊற்றி ஓரிரவு ஊறவிட்டால் தானாகவே உரிந்துவிடும். கண்ணாடியில் ஊற்றும் தண்ணீர் வெதுவெதுப்பாக மட்டும் இருக்கட்டும், சூடு தாங்காமல் விரிசல் விடும். குழாயையும் அதே கரைசலில் போடுங்கள். உட்புறத்தில் பிடித்த கறை அதற்கும் போகவில்லை என்றால், குழாயைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.